மட்டும் சாரும் அஞ்சு கட்டக்காரர்களும்

உலகத்தில் உள்ள சகலத்தையும், மனிதர்கள், பலகாரங்கள், சொந்தபந்தங்கள் உட்பட, இரண்டே வகையாகப் பிரித்து முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் குன்னூரில்தான் இருந்தார். ஒரு வகை, தேவை. இன்னொரு வகை, சிபாரிசு. மூன்றாவதாக ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால், "அந்தக் கேள்வியே சிபாரிசுதானுங்க" என்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அதை டைப் அடித்தவனே நான்தான். ஆனால் நாங்கள் வேலை பார்த்த பாக்டரியில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதைக் கேட்டாலும் 'இது மட்டும் போதுங்க' என்று முடிப்பார் என்பதால், இலையைத் தூளாக்கும் டீ மேக்கர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் மட்டும் சார்.

நான் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, குன்னூருக்குக் கீழே இருந்த ஒரு தேயிலை பாக்டரியில் கணக்கு எழுதப் போனவன். சொந்த எஸ்டேட் இல்லாத பாக்டரி அது. சுற்றுவட்டாரத்துச் சின்ன விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு வாங்கித் தூளாக்கி அனுப்புவார்கள். ஆபீஸில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் நான். இன்னொன்றில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மட்டும் சார். மூன்றாவதில், தேவையில்லை என்று அவர் கழற்றிப்போட்ட உதிரிபாகங்கள். வருகிற விருந்தாளி நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

நான் சேர்ந்த அன்று கேன்டீன் பாத்திமாக்கா ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் மலையில் டீ கேட்டால் வர்க்கி தானாக வரும். கடித்தால் பாதி வாய்க்குள்ளும் மீதி சட்டை மேலும் போகும். மட்டும் சார் தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"அக்கா, நான் டீ மட்டும் தானுங்களே கேட்டேன்?"

"வர்க்கி நானா வெச்சதுங்க சார். சும்மா சாப்பிடுங்க."

"சும்மா வர்றதுதாங்க்கா ஆபத்து. இன்னைக்கு வர்க்கி. நாளைக்கு அதுக்குத் தொட்டுக்க ஜாம். அப்புறம் ஜாம் எடுக்க ஸ்பூன். ஸ்பூன் கழுவ ஒரு ஆளு. அந்த ஆளுக்கு ஒரு டீ, ரெண்டு வர்க்கி. இது எங்கீங்க்கா போய் நிக்கும்?"

பாத்திமாக்கா சார் பங்கையும் என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த பாக்டரியில் இருந்த காலம் முழுவதும் நான் இரண்டு பேர் வர்க்கியைத் தின்றேன். மட்டும் சாரால்தான் எனக்குச் சர்க்கரை வந்தது என்று என் மனைவி இன்னும் சொல்கிறாள்.

இந்தக் கொள்கை கம்ப்யூட்டரிலிருந்து அவருக்கு வந்ததா, அவரிடமிருந்து கம்ப்யூட்டருக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. எல்லாக் கம்ப்யூட்டரிலும், விலை கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் அவர் போட்டிருந்தார். ஏதாவது புரோகிராம் வேண்டுமென்றால் அதன் பெயரைச் சொன்னால் போதும். இன்டர்நெட்டிலிருந்து தானே கொண்டுவந்து பொருத்திக்கொள்ளும். ஒருநாள், பாஸ்போர்ட் போட்டோக்களைச் சின்னதாக்கும் புரோகிராம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பெயரை அடித்தார். திரை முழுக்க மளமளவென்று இங்கிலீஷில் ஏதேதோ ஓடி நின்றது. நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பாடம் ஆரம்பிக்கப்போகிறது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா? நாம கேட்டது ஒண்ணு. இவன் கூட என்னென்ன கூட்டிட்டு வர்றேங்கறான் தெரியுங்களா? மெயில் அனுப்பற சர்வராம். ப்ளூடூத்தாம். சிடி எழுதறதாம். ஏதோ ஒரு தேசத்து டிக்‌ஷனரியாம். போட்டோவைச் சின்னதாக்க எதுக்குங்க தபால் ஆபீஸு?"

"அதெல்லாம் இல்லாட்டி ஓடாதோ என்னவோ சார்?"

"அங்கதானுங்க விஷயம். புரோகிராமைக் கட்டி அனுப்பறவரு ரெண்டு விதமாச் சொல்லி அனுப்பறாரு. இதெல்லாம் இல்லாட்டி நான் ஓட மாட்டேன். அது தேவை. இதெல்லாமும் இருந்தா நல்லா இருக்கும். அது சிபாரிசு. இந்த ஆளு நம்மளைக் கேக்காம ரெண்டையும் இறக்கிப் போட்டுக்கறான். பொண்ணு பாக்க மாப்பிள்ளையை வரச் சொன்னா, பஸ்ஸு நெறைய ஊரையே ஏத்திட்டு வர்ற மாதிரி."

அந்த பஸ்ஸை நிறுத்த ஒரு வழி இருந்தது. சிபாரிசுகள் வேண்டாம் என்று கட்டளையின் வாலில் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். மற்றவர்கள் தேவைப்படும்போது சேர்ப்பார்கள். மட்டும் சார் ஒரேயடியாக எல்லா இயந்திரங்களிலும் அதை நிரந்தரமாகவே எழுதிவைத்துவிட்டார். இதில் எங்களுக்கு ஒரு லாபமும் இருந்தது. எங்கள் ஓட்டைக் கம்ப்யூட்டர்கள் ஊரிலேயே வேகமாக ஓடின.

நஷ்டமும் இருந்தது. முதலாளியின் மகன், சின்னவர், தன் லேப்டாப்பில் வீடியோ பார்க்க ஏதாவது போட்டுக்கொடுங்கள் என்று ஒருநாள் கேட்டார். மட்டும் சார் போட்டுக்கொடுத்தார். அன்று பெரிய கிரிக்கெட் மேட்ச். சின்னவர் நாலைந்து சிநேகிதர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சத்தம்தான் வரவில்லை. கடைசி ஓவரை, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லோரும் வாயைத் திறக்காமல் பார்த்தார்கள்.

மறுநாள் சின்னவர் எங்கள் ஆபீஸுக்கே வந்து கத்தினார்.

"ஏனுங்க, சத்தம் இல்லாம எவனாவது மேட்ச் பாப்பானா?"

"நீங்க படம் பாக்கோணும்னுதானுங்க சொன்னீங்க. சத்தம் சிபாரிசுல வருதுங்க. கேட்டிருந்தா போட்டிருப்பனுங்க."

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே அவர் மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

மனிதர் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளிர்காலத்தில் கையுறை வாங்கினார். வலது கையில் மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். என்ன சார் என்றால், "வலது கை மவுஸு பிடிக்கோணுங்க. வெளியதான் இருந்தாகோணும். இடது கைக்குப் பாக்கெட்டு இருக்குதில்லீங்க" என்றார். அந்த இடது கையுறை என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, இலை ஏற்றிவரும் லாரி டிரைவர் சேகர் இடது கையில் கையுறையோடு வந்து இறங்கினான். கியர் போடுகிற கையாம். ஒரு ஜோடி கையுறை அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரிடம் வேலை பார்த்தது.

முதலாளி பெரியவரின் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் முதல் நாளே கோயமுத்தூர் போய்விட்டோம். மட்டும் சார் தாலி கட்டுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, கெட்டிமேளம் கொட்டும்போது மண்டபத்துக்குள் நுழைந்தார். அட்சதை போட்டார். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கும்பிடு. அப்படியே திரும்பி நடந்தார். பெரியவர் மாலையும் கழுத்துமாகப் பின்னாலேயே ஓடினார்.

"ஏனுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"கல்யாணம் முடிஞ்சுதுங்களே. பொண்ணு நல்லா இருக்கோணுமுங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். சம்பந்தி வீட்டார், யார் அவர், ஏதாவது கோபமா என்று மாலை வரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை காய்ச்சலில் விழுந்தபோது, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைத் திருப்பிக்கொடுத்து, "இதுல எது எதுங்க இல்லாட்டி நான் ஓட மாட்டேன்?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் முதலில் முறைத்திருக்கிறார். பிறகு பேனாவை எடுத்துப் பாதியை அடித்துக் கொடுத்துவிட்டாராம். மட்டும் சார் இதை வெற்றியாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோல்தான் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில், எடை போடும் இடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் செத்துப்போனது. தராசிலிருந்து எடையை வாங்கி, விவசாயியின் பெயர், ஊர், எடை மூன்றையும் சீட்டில் அடித்துக்கொடுப்பது அதுதான். அந்தச் சீட்டைக் காட்டித்தான் விவசாயி இலைக்குப் பணம் வாங்க வேண்டும். சின்னவர் இந்தச் சாவுக்காகவே காத்திருந்தவர்போல் கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைக் கூட்டிவந்துவிட்டார்.

கழுத்தில் டை கட்டிய இரண்டு பேர் வந்து, தாங்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். முதலில் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. பிறகு பூக்கள் பறந்தன. அன்றைய நல்ல நேரம் வந்தது. வெளியே மழை பெய்கிறது என்று காட்டியது. வெளியே மழைதான் பெய்துகொண்டிருந்தது. எடை போடும் பக்கம் திறப்பதற்குள் பெரியவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். எங்கள் டீ மேக்கர் என் காதில், "இது தொறக்கறதுக்குள்ள இலை தானா வாடிரும். இலையை வாடப் போடற மாடியே நமக்குத் தேவையில்லைங்க" என்றார்.

"எல்லாமே உள்ள இருக்குங்கப்பா. புல் பேக்கேஜ். இவங்களே பாத்துக்குவாங்க, தனியா ஆளு தேவையில்லை" என்றார் சின்னவர். மட்டும் சாரைப் பார்த்துத்தான் கடைசி வாக்கியத்தைச் சொன்னார்.

பெரியவர் நியாயஸ்தர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மட்டும் சாரிடம் சொன்னார்:

"திங்கக்கிழமை உங்க மிஷின்ல சீட்டுப் போடுங்க. ஒரு நாள். விவசாயிங்க கிட்ட இருந்து ஒரு கொழப்பமும் வரலைன்னா நீங்களே இருந்து பாத்துக்குங்க. வந்துச்சுன்னா, இவங்களை வரச் சொல்லிருவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காதுங்க. நான் தப்பா நெனைக்கலை, ஆனா அப்படித்தானுங்க."

மட்டும் சாருக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சொல்லிக்கொள்ள ஒரு சர்ட்டிபிகேட் கிடையாது. வேலை போனால் பாக்டரி கொடுத்த ஒற்றை அறையும் போய்விடும். அவர் "சரிங்க" என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் மதியம் பாத்திமாக்கா டீ கொண்டுவந்தபோது அதையும் வேண்டாம் என்றுவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தனியாக உட்கார்ந்து, வேறு ஆபீஸ் ஒன்றில் ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். சத்தம் இல்லை, பூ இல்லை, பின்னணியில் ஒரு படம்கூட இல்லை. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கிலிருந்து விவசாயிகளின் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்க்காமல் அப்படியே கொண்டுவந்து சேர்த்தார். சோதனைக்கு இங்கிலீஷில் ஏஏஏ என்று ஒரு பெயர் அடித்து, ஒரு கல்லைத் தராசில் வைத்துச் சீட்டு எடுத்துப் பார்த்தார். ஏஏஏ அழகாக வந்தது. போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் நல்ல காற்று, சாரல். நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் கம்ப்யூட்டர் திறந்து எடைக்குத் தயாராக நின்றது. வரிசையில் முதலில் நின்றவர் ராமன். அவர் மூட்டை தராசில் ஏறியது. கண் இமைக்கிற நேரத்தில் சீட்டு வந்து விழுந்தது. மட்டும் சார் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது.

ராமன் சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, எடை சரியா இருக்குது. பேரு இருக்கற எடத்துல சன்னல் சன்னலா இருக்குதுங்களே?"

எடை துல்லியமாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து காலிக் கட்டங்கள். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் ஆறு.

அடுத்தவர் போஜன். ஐந்து கட்டங்கள். அதற்கடுத்தவர் மாதன். ஐந்து கட்டங்கள். காலுக்கு ஒரு கட்டம், புள்ளிக்கு ஒரு கட்டம் என்று இயந்திரம் வஞ்சகமில்லாமல் போட்டுக்கொடுத்தது. எழுத்துகள் இங்கிலீஷாக இருந்தால் வந்தன. தமிழ் என்றால் கட்டம். திரையிலும் அப்படியே.

நாங்கள் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் சீட்டுகள் ஒரு குவியலாகச் சேர்ந்துவிட்டன. இலையை எடை போடாமல் நிறுத்தினால் மழையில் கெட்டுவிடும். எடை போட்டுக்கொண்டே போனோம். எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டுக்குக் கை நீட்டினார்கள். வேறு வழியில்லாமல் நான் கத்த ஆரம்பித்தேன்.

"அஞ்சு கட்டம் யாருங்க? மேல அஞ்சு, கீழ ஆறு!"

ஏழெட்டுப் பேர் முன்னால் வந்தார்கள்.

"நானு அஞ்சு கட்டந்தானுங்க."

"யோவ், நீ எப்படி அஞ்சு கட்டம்? உன் பேரு நீளமில்ல?"

"நீளமா இருந்தா என்ன, உனக்கு எத்தனை கட்டம்னு உங்கப்பன் சொல்லி வெச்சானா?"

விவசாயிகளுக்கு ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. முன்பு அந்தப் பேச்சு வந்தது. "பேரு இருக்கையில நம்பரு எதுக்குங்க?" என்று அதை நிறுத்தியவரும் மட்டும் சார்தான். இப்போது அவர் கீபோர்டில் படபடவென்று எதையோ அடித்துப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"தமிழ் எழுத்தைக் காட்டற ஃபான்ட்டு இறங்கலைங்க."

"ஏன் இறங்கலை?"

அவர் கீபோர்டைத் தள்ளிவைத்தார்.

"அது சிபாரிசுல இருந்துதுங்க."

எங்கள் ஊர்ப் பெயர்களையும் எங்கள் ஆட்கள் பெயர்களையும் காட்டுகிற எழுத்து, அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கணக்கில், இருந்தால் நல்லா இருக்கும் என்ற வகையில் கிடந்திருக்கிறது. இவரும் சிபாரிசா, வேண்டாம் என்று தாண்டிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

சின்னவர் வந்து சேர்ந்தார். ஒரு சீட்டை எடுத்துப் போனில் படம் பிடித்தார். சந்தோஷத்தை மறைக்க அவர் பெரிதாக முயற்சி செய்யவில்லை. பின்னாலேயே குடையோடு பெரியவர். சத்தம் அடங்கியது. பெரியவர் ஒரு சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இது யாருங்க?"

யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் பெருமூச்சு விட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது போஜன் முன்னால் வந்தார். வயதானவர். அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கெல்லாம் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. வேலை போகப்போகிற விஷயம் கேன்டீன் வழியாக அவர்கள் காதுக்கும் போயிருந்தது.

"மொதலாளி, கொழப்பம் ஒண்ணும் இல்லைங்க. எங்க பேரு எங்களுக்குத் தெரியாதுங்களா? எடை பட்டுன்னு வந்துச்சு, சரியா வந்துச்சு. முன்னெல்லாம் கம்ப்யூட்டர் நின்னுபோயி எலையோட மழையில நிப்போம். அவங்கவங்க சீட்டுல அவங்கவங்க பேனாவுல பேரு எழுதிக்கறோம். எங்களுக்கு எடை மட்டும் போதுமுங்க."

"ஆமாங்க, எடை மட்டும் போதும்" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் வந்தன. மனிதர்கள் வேண்டுமென்றே அவருடைய பாஷையிலேயே பேசினார்கள். பெரியவர் முகம் தெளிந்தது. குழப்பம் இல்லை என்று விவசாயிகளே சொல்லிவிட்டால் அவர் சொன்ன சொல் நிறைவேறிய மாதிரிதான். மட்டும் சாரின் கையை நான் பிடித்து அழுத்தினேன். பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.

அவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"இல்லைங்க. பேரு வேணுமுங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. வாழ்நாளில் ஒரு பொருளையும் வேணும் என்று சொல்லாத மனுஷன் அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

"அதான் அவங்களே போதும்னு சொல்றாங்கல்ல?" என்றார் சின்னவர். அவருக்கே குழப்பமாகிவிட்டது.

"அவங்க போதும்னு சொல்லுவாங்கங்க. நாம சொல்லக் கூடாதுங்க" என்றார் மட்டும் சார். பெரியவர் பக்கம் திரும்பினார். "பேரு இல்லாத சீட்டை எவன் கொண்டுவந்து நீட்டினாலும் அது அவன் எலைன்னு ஆயிருமுங்க. மெனக்கெட்டு மலை ஏறி எறங்கிப் பறிச்சது அவங்க. தப்பு என்னுதுங்க. தேவையைப் போயி நான் சிபாரிசுன்னு ஒதுக்கிட்டேன். வேலை விஷயம் நீங்க என்ன வேணும்னாலும் முடிவு பண்ணிக்குங்க. இந்தச் சீட்டை மட்டும் நான் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போறனுங்க."

பெரியவர் குடையை மடக்கிவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

சரி பண்ணுவதற்கு இன்டர்நெட் வேண்டும். காற்றில் கற்பூர மரம் ஒன்று சாய்ந்து இன்டர்நெட் லைன் அறுந்துகிடந்தது. பாக்டரியில் போன் டவர் கிடைக்காது. மேலே ரோட்டு வளைவு வரை ஏறினால் கிடைக்கும். மட்டும் சாரிடம் இருந்தது பட்டன் போன். பேச மட்டும். சேகர் தன் போனை நீட்டினான்.

"இதுல எறக்குங்க சார். ஆனா எடம் இருக்குதான்னு தெரியலை. பூராப் பாட்டும் படமுமா இருக்குது."

வேறு நாளாக இருந்தால் மட்டும் சார் அந்தப் போனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இப்போது வாங்கிப் பார்த்துவிட்டு, "எதையும் அழிக்க வேண்டாம். அது ரொம்பச் சின்னதுதான் தம்பி. ஒரு போட்டோ அளவுகூட வராது" என்றார்.

"அவ்வளவு சின்னதை ஏன் சார் விட்டீங்க?"

சேகர் வெள்ளந்தியாகத்தான் கேட்டான். மட்டும் சார் மழையில் இறங்கி நடந்தார். சேகர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். அதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர்கள் திரும்பி வரும்வரை ஒரு விவசாயிகூட வீட்டுக்குப் போகவில்லை. பாத்திமாக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தார். சொட்டச் சொட்ட வந்த மட்டும் சார் துண்டுகூட வாங்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் கட்டங்கள் எல்லாம் போய் ராமன் வந்தார், மாதன் வந்தார், கேத்தி என்ற ஊரும் வந்தது. நான் வாய்விட்டு "அப்பாடா" என்றேன்.

காலையில் போட்ட சீட்டு அத்தனையையும் கிழித்துவிட்டு ஒவ்வொன்றாகப் புதிதாக அடித்தார். நான் கொடுக்கிறேன் என்றால் விடவில்லை. எழுந்து நின்று, ஒவ்வொரு பெயராக, ஊரோடு சேர்த்துச் சத்தமாக வாசித்து, கையில் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும், "மன்னிச்சுக்குங்க" என்றார். அவர்களுக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

போஜன் தன் சீட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"ஏனுங்க, என் ஊரு கேத்தின்னு போட்டிருக்குதே. கேத்தி என் மச்சான் ஊருங்க. இன்னைக்குத்தான் படிச்சுப் பாக்கறனுங்க."

"கட்டமா இருந்தப்ப ஒண்ணுமே சொல்லலையேங்க?" என்றேன் நான்.

"அப்பத் தெரியலைங்களே" என்றார்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெரியவரும் சிரித்துவிட்டார். ஊரைத் திருத்தி அடிக்க மட்டும் சார் மறுபடி உட்கார்ந்தார். பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"அந்தக் கோயமுத்தூர்க்காரங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிரு."

"என்னன்னு சொல்றதுங்கப்பா?"

"வேண்டாம்னு சொல்லு."

மட்டும் சாருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் கீபோர்டில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு போஜனின் ஊரை ஒவ்வோர் எழுத்தாக அடித்து முடித்தார்.

அன்று சாயங்காலம் நான் ரோட்டு வளைவுக்கு ஏறி மேட்டுப்பாளையத்துக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றேன். "அதை எதுக்குங்க என்கிட்ட சொல்றீங்க? அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்லவில்லை. வருஷக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், வேலையை விட்டு மலையிறங்கிய அன்றைக்கும் சொல்லவில்லை. அவர் இன்னமும் அந்த பாக்டரியில்தான் இருக்கிறார். பத்திரிகையெல்லாம் வாங்குகிற ஆள் இல்லை. குன்னூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.